இதய வால்வுக்கு ஏன் மூன்று இதழ்? கொடைக்கானலில் போட்டுப் பார்த்த ஒரு கணக்கு

மூஞ்சிக்கல் கறிக்கடையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நின்றுகொண்டு, "பாய், ஆட்டு இதயம் ஒண்ணு வேணும். கீறாம, மேல இருக்கிற குழாயை ஒட்ட வெட்டாம, முழுசா குடுங்க" என்று கேட்டேன். பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "குழாயை வச்சு என்ன சார் பண்ணப் போறீங்க, கொழம்புக்கு ஆகாதே" என்றார் பாய். கணக்கு வாத்தியார் என்று தெரியும், அதனால் அதற்கு மேல் கேட்கவில்லை. வாத்தியார்களுக்கு இந்த மாதிரி சில சலுகைகள் உண்டு.

வீட்டில் சிங்க்கில் போட்டுக் கழுவினேன். தை மாதத் தண்ணீர், விரல் மரத்துவிட்டது. இடது கீழறையிலிருந்து கிளம்பும் தடித்த வெள்ளைக் குழாய்தான் பெருந்தமனி. அதன் வாயை மேலே பார்த்த மாதிரி பிடித்துக்கொண்டு டம்ளரால் தண்ணீர் ஊற்றினேன். பூண்டுப் பல்லின் உள்தோல் போல மெல்லிசாக, சுவரோடு துவண்டு கிடந்த மூன்று சவ்வுகள் தண்ணீர் பட்டதும் உப்பி எழுந்தன. நடுவில் வந்து ஒன்றையொன்று முட்டி நின்றன. மேலிருந்து பார்த்தால் பென்ஸ் கார் முத்திரை: மூன்று கோடுகள், நடுவில் ஒரு புள்ளி, கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையே 120 டிகிரி.

தண்ணீர் மட்டம் மெதுவாக இறங்கியது. வால்வு ஒழுகுகிறதோ என்று கவிழ்த்துப் பார்த்தேன், கீழறைப் பக்கம் காய்ந்துதான் இருந்தது. வால்வுக்குச் சற்று மேலே பக்கச் சுவரில் இரண்டு சின்னத் துவாரங்கள். இதயத் தசைக்கே ரத்தம் கொண்டுபோகும் இதயத் தமனிகள் தொடங்கும் இடம் அது. தண்ணீர் அந்த வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. உயிர் போன பிறகும், உத்தரவு கொடுக்க மூளையோ இழுத்து மூடத் தசையோ இல்லாமல், அந்த மூன்று சவ்வும் தண்ணீரைத் தாங்கி நின்றன. மூடுவது முழுக்க வடிவத்தின் வேலை. கணக்கு வாத்தியாருக்கு அங்கேதான் அக்கறை பிறக்கிறது.

இதற்கெல்லாம் காரணம் அத்தையின் எக்கோ ரிப்போர்ட், ஒலியலையால் இதயத்தைப் பார்க்கும் சோதனையின் முடிவு. பூம்பாறையில் பூண்டு போடுகிறவர். அப்பாவின் கடைசித் தங்கை, ஐம்பதை நெருங்குகிறார். இரண்டு வருடமாக, படிக்கட்டு வயலில் நாலு தட்டு ஏறினால் மூச்சு வாங்குகிறது. சமதரையில் ஒன்றும் இல்லை. மதுரைக்குக் கூட்டிப்போய் எக்கோ எடுத்ததில், இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் மிட்ரல் வால்வு சுருங்கியிருக்கிறது, திறக்கும் வாயின் பரப்பு 1.1 சதுர சென்டிமீட்டர் என்று வந்தது. சிறு வயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் கீல்வாதக் காய்ச்சல் விட்டுப்போன தழும்பு அது. நம் நாட்டில் மிட்ரல் வால்வு சுருங்குவதற்கு முதல் காரணம் இன்றும் அதுதான்.

திரும்பி வரும் பஸ்ஸில், வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் அத்தை கேட்டார்: "என்ன மருமகனே, வால்வுன்னா நம்ம மோட்டார்ல புட்வால்வுன்னு ஒண்ணு போடுவாங்களே, அந்த மாதிரியா?"

"அதே மாதிரிதான் அத்தை. மேல ஏறின தண்ணி திரும்பக் கீழ விழாமப் பாத்துக்கிறது."

"அப்ப அதென்ன ஒண்ணு புள்ளி ஒண்ணு? எதுல ஒண்ணு?"

கேள்வி நியாயமானது. பதில் நீளமானது. அத்தைக்குக் கெட்டது மிட்ரல் என்றாலும் கணக்கு சுலபமாகப் பிடிபடுவது பெருந்தமனி வால்வில் என்பதால், சிங்க்கில் கிடந்த அந்த மூன்று சவ்விலிருந்தே தொடங்குகிறேன்.

வட்டமான ஒரு குழாய், விட்டம் 20 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பெரியவர்களின் பெருந்தமனி வாய்க்கு ஏறத்தாழ அதுதான் அளவு, 20லிருந்து 25 வரை இருக்கும். இதழின் இரு முனைகளும் சுவரில் ஒட்டியிருக்கின்றன, நடுவிளிம்பு மட்டும் விடுதலை. வால்வு மூடும்போது அந்த விளிம்பு ஒரு முனையிலிருந்து மையத்துக்கு வந்து, அங்கிருந்து மறு முனைக்குப் போக வேண்டும். அதாவது இரண்டு ஆரம், ஒரு விட்டம், 20 மில்லிமீட்டர். எத்தனை இதழ் இருந்தாலும் இந்தத் தேவை மாறாது.

திறக்கும்போது கதை வேறு. ரத்தம் தடையில்லாமல் போக இதழ்கள் சுவர்ப் பக்கம் ஒதுங்கி வட்டத்தைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். சுற்றளவு, விட்டத்தைப் போல் பை (π) மடங்கு, 62.8 மில்லிமீட்டர். இரண்டு இதழ் என்றால் ஆளுக்கு 31.4. மூன்று என்றால் 20.9. நான்கு என்றால் 15.7.

இப்போது இரண்டு தேவைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூட 20 வேண்டும். திறக்க, மூன்று இதழ் வால்வில் 20.9 வேண்டும். ஐந்து சதவீதத்துக்கும் குறைந்த வித்தியாசத்தில் ஒரே நீளம் இரண்டு வேலைக்கும் பொருந்திவிடுகிறது. இரண்டு தேவையும் கொஞ்சமும் பிசகாமல் சமமாக இருக்க வேண்டும் என்றால் இதழ்களின் எண்ணிக்கை பையாகவே, 3.14159 என்று, இருக்க வேண்டும். இதழை முழு எண்ணில்தானே வைக்க முடியும்? பைக்குப் பக்கத்து முழு எண் மூன்று.

இதைக் கரும்பலகையில் எழுதியபோது பிளஸ் ஒன் பிள்ளைகள் ஒரு நிமிடம் பேசவில்லை. எனக்கும் முதல் தடவை அப்படித்தான் இருந்தது. பையை வட்டத்தில் பார்த்திருக்கிறோம், ஊசலில் பார்த்திருக்கிறோம். ஆட்டு நெஞ்சுக்குள்ளே, ரவுண்டு செய்யப்பட்டு, சவ்வாக உட்கார்ந்திருக்கும் என்று யார் நினைத்தது?

நூல் வைத்து நிஜமாக அளந்தபோது உற்சாகம் கொஞ்சம் இறங்கியது. வாய் 20 மில்லிமீட்டர் இருந்தது. இதழ் விளிம்பு 24ஐத் தொட்டது. கணக்கு தப்பா? தப்பில்லை, நான் தட்டையாக வரைந்துவிட்டேன். சுவரோடு ஒட்டும் மூலைகள் உயரத்தில் இருக்கின்றன, மையம் பள்ளத்தில் இருக்கிறது. விளிம்பு மூலையிலிருந்து சரிந்து இறங்கி, மறுபடி ஏறுகிறது. கிடைமட்டமாக 10, சரிவில் 12. பிதாகரஸைக் கூப்பிட்டால் 144இல் 100 போக 44, அதன் வர்க்கமூலம் 6.6. மையம் ஆறேழு மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கிறது என்று அர்த்தம். கண்ணால் பார்த்த பள்ளமும் அவ்வளவுதான் இருந்தது. திறக்கும்போது இந்தக் கூடுதல் நீளம் என்ன ஆகும்? உயிருள்ள இதயத்தில் ரத்தம் பாயும் நேரத்தில் தமனியின் அடிப்பகுதி சற்று விரிந்துகொடுக்கிறது. வட்டம் பெரிதாகிறது, நீளம் அதில் செலவாகிறது. நான் பிடித்திருந்தது செத்த குழாய், அது விரியாது.

இதழ்கள் விளிம்போடு விளிம்பாக மட்டும் தொட்டுக்கொண்டால் கதவிடுக்கில் காற்று வருவது போல ரத்தம் கசியும். அதனால் நாலைந்து மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒன்றன்மேல் ஒன்று படிந்து நிற்கின்றன. சேலை மடிப்பு ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கிற மாதிரி. மூன்றும் சந்திக்கும் நடுப்புள்ளியில் எப்படியும் ஒரு பொட்டு ஓட்டை மிஞ்சும். அதை அடைக்க ஒவ்வொரு இதழின் நடுவிலும் கடுகளவு ஒரு முடிச்சு இருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியர் அரான்சி கவனித்ததால் அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். நான் அதை முதலில் அழுக்கு என்று நினைத்து நகத்தால் சுரண்டினேன்.

லியனார்டோ டாவின்சிக்கும் இந்த மூன்று உறுத்தியிருக்கிறது. 1513ஐ ஒட்டிய ஆண்டுகளில் மாட்டு இதயத்தை அறுத்து, வட்டத்துக்குள் முக்கோணமும் சதுரமும் வரைந்து, ஏன் நான்கு இதழ் இல்லை என்று தனக்குத்தானே வாதாடிய தாள்கள் இன்று இங்கிலாந்து அரச குடும்பத்துச் சேகரிப்பில் இருக்கின்றன. அதோடு விடவில்லை. இதழ்களுக்குப் பின்னால் தமனிச் சுவர் மூன்று இடத்தில் புடைத்திருக்கும், பிற்காலத்தில் வால்சால்வா பெயர் பெற்ற புடைப்புகள். அந்த வடிவத்துக்குக் கண்ணாடிக் குழாய் செய்து, தண்ணீரில் தினை மாதிரியான சிறு புல்விதைகளைத் தூவி ஓடவிட்டால் ஓட்டம் கண்ணுக்குத் தெரியும் என்று எழுதிவைத்தார். (பழனி மலைக்காரனுக்குத் தினை என்றதும் தேனும் வேலனும்தான் நினைவுக்கு வரும். அந்த மனிதருக்கு ரத்தச் சுழல் வந்திருக்கிறது.) நடுவில் பாயும் ரத்தத்தின் ஓரம் இந்தப் புடைப்புகளுக்குள் திரும்பிச் சுழல்கிறது, அந்தச் சுழல்தான் இதழைப் பின்னாலிருந்து தள்ளி மூடத் தொடங்குகிறது என்பது அவர் வாதம். ரத்தம் உடம்பைச் சுற்றி வருகிறது என்றே அப்போது யாருக்கும் தெரியாது, ஹார்வி அதைச் சொன்னது 1628இல். 1960களின் கடைசியில் ஆக்ஸ்ஃபோர்டில் பெல்ஹவுஸும் டால்பட்டும் மாதிரிக் குழாய் செய்து சோதித்தபோது சுழல் அங்கேயே இருந்தது. ரத்தம் பின்னோக்கி விழுந்து அறைந்து மூடுவதற்கு முன்பே இதழ்கள் முக்கால்வாசி வழி வந்துவிடுகின்றன. ஒரு நாளைக்கு ஒரு லட்சம் தடவை அறைபட வேண்டிய சவ்வுக்கு இது சின்ன உதவி இல்லை.

மூன்றைத் தவிர வேறு எண்ணோடு பிறக்கிறவர்களும் இருக்கிறார்கள். நூற்றில் ஒருவர் அல்லது இருவருக்குப் பெருந்தமனி வால்வில் இரண்டு இதழ்தான். மேலே போட்ட கணக்கை அவர்களுக்குப் போடுங்கள். மூட 20 போதும், முழுசாகத் திறக்க 31.4 வேண்டும். 20 வைத்தால் அது குறுக்கே இழுத்துக் கட்டிய கயிறு, திறக்கவே திறக்காது. 31 வைத்தால் மூடும்போது பாதிக்கு மேல் உபரி, மடங்கி நெளியும். உடம்பு இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒரு சமரசம் செய்துகொள்கிறது. வாய் வட்டமாகத் திறக்காமல் மீன்வாய் மாதிரி நீள்வட்டமாகத் திறக்கிறது, ரத்தம் சாய்ந்து ஒரு பக்கச் சுவரில் மோதுகிறது. பலர் அறுபது வரை ஒன்றும் தெரியாமல் வாழ்கிறார்கள். ஆனால் சுண்ணாம்பு படிந்து சுருங்குவது மூன்று இதழ்க்காரர்களைவிடப் பத்து இருபது வருடம் முன்னாலேயே வந்துவிடும். நான்கு இதழ் மிக மிக அபூர்வம், அதில் சாதாரணமாக வரும் கோளாறு ஒழுகல். நடுவில் நான்கு கோடுகள் ஒரே புள்ளியில் நிற்பது கஷ்டம். சோப்பு நுரையைப் பாருங்கள், மூன்று சுவர்கள் 120 டிகிரியில் சேரும். நான்கு சேர்ந்தால் உடனே நழுவி இரண்டு மும்முனைகளாகப் பிரிந்துகொள்ளும்.

அப்படியானால் கால் சிரைகளில் இருக்கும் வால்வுகளுக்குப் பெரும்பாலும் இரண்டே இதழ் ஏன் என்று ஒரு மாணவி கேட்டாள். சிரை வட்டமாக நிமிர்ந்து நிற்கும் குழாய் இல்லை. அழுத்தம் குறைந்ததும் ஹோஸ் மாதிரி சப்பையாகிவிடும். சப்பையான வாய்க்கு இரண்டு உதடு போதும்.

அத்தையின் மிட்ரல் வால்வுக்கு வருவோம். ஆங்கிலத்திலும் அதற்கு இன்னொரு பெயர் ஈரிதழ்தான். பெரிய அழுத்தத்தைத் தாங்கும் வாசலில் இயற்கை ஏன் இரண்டு வைத்தது? இங்கே விதிகள் மாறுகின்றன. இந்த வாய் வட்டம் இல்லை, அவரைவிதை வடிவம். இதழ்கள் தன் பலத்தில் நிற்பதும் இல்லை. குடைக் கம்பி போல நாண்கள் கீழே இழுத்துப் பிடிக்கின்றன, அந்த நாண்களின் அடியில் தசைத் தூண்கள். இரண்டு இதழும் சம பங்காளிகளும் அல்ல. முன்னிதழ் வாயின் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் பிடித்துக்கொண்டு உயரமாக வளர்ந்திருக்கும். பின்னிதழ் மூன்றில் இரண்டு பங்கைப் பிடித்துக்கொண்டு குட்டையாக இருக்கும். பரப்பு என்று பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய சமம். பாகப்பிரிவினையில் ஒருவருக்கு ரோட்டு முகப்பும் ஒருவருக்கு ஆழமும் கொடுத்து சென்ட்டைச் சமமாக்குவது போல. இரண்டின் பரப்பையும் கூட்டினால் மூட வேண்டிய வாயைப் போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரும். அந்த உபரிதான் காப்பு. இதயம் வீங்கி வாய் விரியும்போது முதலில் தின்னப்படுவதும் அந்த உபரிதான். அது தீர்ந்த இடத்தில் ஒழுகல் தொடங்குகிறது.

அந்த வாயின் வளையம் தட்டையும் இல்லை. ஏரியைச் சுற்றிச் சவாரிக்கு நிற்கும் குதிரைகளின் முதுகில் சேணம் பார்த்திருப்பீர்கள். முன்னும் பின்னும் உயர்ந்து, இரு பக்கமும் தாழ்ந்து. மிட்ரல் வளையம் அந்த வடிவம். இது தெரியாமல் ஒரு காலத்தில் வைத்தியம் தடுமாறியது. வளையம் தட்டை என்று வைத்துக்கொண்டு, எக்கோவில் ஒரு கோணத்தில் இதழ் கோட்டுக்கு மேலே போனால் வால்வு பிதுங்குகிறது என்று எழுதிவிடுவார்கள். நன்றாக இருந்தவர்கள் பலர் நோயாளி ஆனார்கள். 1980களின் கடைசியில் ராபர்ட் லெவினும் கூட்டாளிகளும் வளையம் சேண வடிவம் என்று காட்டிய பிறகுதான் வரையறை மாறியது. ஒரு தட்டையான காகிதக் கோட்டை வைத்து வளைந்த பொருளை அளந்ததால் வந்த வினை. சேணத்தின் உயரம் அதன் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இருந்தால் இதழ் மேல் விழும் இழுவிசை நன்றாகக் குறைகிறது என்று 2002இல் கணினிக் கணக்கு காட்டியது. நல்ல மனித வளையங்கள் அந்த அளவை ஒட்டியே இருக்கின்றன. வால்வைத் தைத்துச் சீராக்கும்போது போடும் செயற்கை வளையங்களிலும் சேண வடிவம் வந்துவிட்டது.

இந்த இடத்தில் யாராவது பொன் விகிதம் என்று தொடங்குவார்கள். வாட்ஸாப்பில் எனக்கு மாதம் ஒன்று வரும்: சங்கு, சூரியகாந்தி, மோனலிசா, கூடவே மனித இதயம், எல்லாம் 1.618. இதயத்தின் நீள அகலங்களில் அந்த எண்ணைக் கண்டதாக 2011இல் ஆய்வுக் கட்டுரையே வந்திருக்கிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. உயிரின் அளவுகள் ஆளுக்கு ஆள் பத்து பதினைந்து சதவீதம் அசையும். ஒன்றரைக்கும் ஒன்றே முக்காலுக்கும் நடுவில் எது விழுந்தாலும் 1.618க்கு அருகில்தான் இருக்கும். அதே தூரத்தில் ஐந்தில் மூன்றின் தலைகீழும் இருக்கிறது, மூன்றின் வர்க்கமூலமும் எட்டிப்பார்க்கிறது. கொடைக்கானல் பைன் காட்டில் ஒரு காயைப் பொறுக்கி அடியிலிருந்து சுருள்களை எண்ணுங்கள், பெரும்பாலும் ஒரு பக்கம் 8, மறு பக்கம் 13 வரும். அது நிஜம், செதில்கள் ஒன்றன்பின் ஒன்றாக முளைக்கும் விதத்திலிருந்து அந்த எண் வருவதைக் காட்ட முடியும். வால்வில் அப்படி ஒரு வழி இல்லை. பையும் மூன்றும் ஏன் வருகின்றன என்று மேலே காட்டினேனே, அந்த மாதிரி 1.618க்கு ஒரு காரணம் காட்டுங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

இனி அந்த 1.1.

மலைக்காட்டில் ஓடைத் தண்ணீரை மோட்டார் இல்லாமல் ஹோஸ் போட்டுத் தோட்டத்துக்கு இறக்குவோம். மேலே தொட்டி எவ்வளவு உயரமோ அவ்வளவு வேகம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் உயரத்தை இரட்டித்தால் வேகம் இரட்டிக்காது, நான்கு மடங்கு உயரத்தில்தான் இரட்டிக்கும். வேகம் உயரத்தின் வர்க்கமூலத்தில் போகிறது. 1951இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் கார்லின் என்ற இளம் மருத்துவர், பொறியாளரான தன் தந்தையோடு சேர்ந்து, இந்த ஓடைக் கணக்கை அப்படியே வால்வுக்குள் கொண்டுவந்தார். ஒரு விநாடியில் வால்வைத் தாண்டும் ரத்தத்தை, இரு பக்க அழுத்த வித்தியாசத்தின் வர்க்கமூலத்தால் வகுத்து, ஒரு மாறிலியாலும் வகுத்தால் ஓட்டையின் பரப்பு கிடைக்கும். அந்த மாறிலியில் 44.3 என்று ஓர் எண் வரும். மருத்துவப் புத்தகங்களில் அது ஏதோ வானத்திலிருந்து விழுந்த மாதிரி கிடக்கும். புவியீர்ப்பு முடுக்கம் 980ஐ இரண்டால் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள், அதேதான்.

மிட்ரலுக்கு அதை 0.85ஆல் பெருக்கி 38 என்று வைத்துக்கொள்வார்கள். அத்தை மாதிரி ஒருவருக்குப் போட்டுப் பார்ப்போம். நிமிடத்துக்கு 4 லிட்டர் ரத்தம், 80 துடிப்பு, ஒவ்வொரு துடிப்பிலும் மிட்ரல் திறந்திருக்கும் நேரம் 0.4 விநாடி. ஆக ஒரு நிமிடத்தில் 32 விநாடிதான் வாசல் திறந்திருக்கிறது. 4000 மில்லியை 32ஆல் வகுத்தால் விநாடிக்கு 125 மில்லி. அழுத்த வித்தியாசம் 9 மில்லிமீட்டர் பாதரசம் என்றால் வர்க்கமூலம் 3. 125ஐ 38ஆலும் 3ஆலும் வகுத்தால் 1.1. நல்ல வால்வில் இந்தப் பரப்பு 4லிருந்து 6 சதுர சென்டிமீட்டர் இருக்கும். 5 என்று வைத்தால் அதே 125 மில்லி போக அரை மில்லிமீட்டர் பாதரசம்கூடத் தேவையில்லை.

இதில்தான் அத்தையின் மூச்சுத் திணறலுக்கு விளக்கம் இருக்கிறது. வயல் தட்டு ஏறும்போது உடம்பு இரண்டு மடங்கு ரத்தம் கேட்கிறது என்று வையுங்கள். வாசல் அதே 1.1. ஓட்டம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்கு, 9 போய் 36. அந்த அழுத்தம் பின்னால் நுரையீரலில்தான் போய் விழும், அங்கே நீர் கோத்துக்கொள்ளும். ஏறும்போது துடிப்பும் கூடுகிறது, கூடினால் வாசல் திறந்திருக்கும் நேரமும் குறைகிறது, நிலைமை இன்னும் மோசம். சமதரையில் ஒன்றுமில்லை, மேட்டில் மட்டும் திணறல் என்று அத்தை சொன்னதைச் சோம்பேறித்தனம் என்று வீட்டில் சிலர் நினைத்தார்கள். அது வர்க்கத்தின் வேலை. பூம்பாறையில் பிறந்த ஒருவருக்குச் சமதரை எங்கே இருக்கிறது?

கார்லின் காலத்தில் இந்த அழுத்தத்தை அளக்க ரத்த நாளம் வழியாக இதயத்துக்குள் குழாய் விட வேண்டும். இன்று நெஞ்சில் ஜெல்லைத் தடவி ஒலியால் அளக்கிறார்கள். ஓடும் ரத்தத்தில் பட்டுத் திரும்பும் ஒலியின் அதிர்வெண் மாறும், மாறிய அளவிலிருந்து வேகம், வேகத்தை வர்க்கம் செய்து நான்கால் பெருக்கினால் அழுத்தம். விநாடிக்கு 4 மீட்டர் என்றால் 64 மில்லிமீட்டர் பாதரசம். நல்ல பெருந்தமனி வால்வில் வேகம் ஒரு மீட்டர் சுமாருக்குத்தான் இருக்கும், 4ஐத் தாண்டினால் கடுமையான சுருக்கம் என்று கணக்கு.

டாப்ளர் 1842இல் சொன்ன அந்த அதிர்வெண் மாற்றத்துக்குக் கொடைக்கானலில் ஒரு சொந்தக் கதை உண்டு. இங்கே சூரிய வானாய்வகத்தில் 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளியின் விளிம்பில் வாயு மையத்திலிருந்து வெளிப்பக்கமாக ஓடுவதை நிறமாலைக் கோடுகளின் நகர்விலிருந்து கண்டார். உலகம் முழுக்க இன்றும் அதற்கு எவர்ஷெட் விளைவு என்றே பெயர். அவர் மாட்டிக்கொண்ட சிக்கலில்தான் எக்கோ எடுப்பவரும் மாட்டிக்கொள்கிறார். டாப்ளர் நம்மை நோக்கி வருவதையும் நம்மைவிட்டுப் போவதையும் மட்டுமே காட்டும், குறுக்கே போவதைக் காட்டாது. சூரியனின் நடுவில் புள்ளி இருக்கும்போது வாயு குறுக்கே ஓடுவதால் நகர்வு தெரியாது, விளிம்புக்குப் போன பிறகுதான் தெரியும். நெஞ்சிலும் அப்படியே. கருவியின் கோணம் ரத்த ஓட்டத்திலிருந்து 20 டிகிரி விலகினால் வேகம் ஆறு சதவீதம் குறைத்துக் காட்டும், 60 டிகிரி விலகினால் பாதிதான் காட்டும். அத்தைக்கு எக்கோ எடுத்த பெண் கருவியை விலா எலும்புகளுக்கு நடுவில் அங்குலம் அங்குலமாக நகர்த்திக்கொண்டே இருந்ததற்குக் காரணம் அதுதான். "என்னம்மா, ஒரே எடத்துல வைக்க மாட்டியா, கூசுது" என்று அத்தை அதட்டினார்.

ரிப்போர்ட்டில் இன்னொரு வழியிலும் பரப்பு எழுதியிருந்தது. மிட்ரலைத் தாண்டும் அழுத்தம் பாதியாகக் குறைய எத்தனை மில்லிவிநாடி ஆகிறது என்று பார்த்து 220ஐ அதால் வகுப்பது. அத்தைக்கு 200, ஆக 1.1. இந்த 220 எந்த விதியிலிருந்தும் வந்ததில்லை. நார்வேயில் லிவ் ஹாட்லேயும் கூட இருந்தவர்களும் நோயாளிகளை அளந்து பார்த்துக் கண்டுபிடித்த அனுபவ எண். 44.3க்கு வம்சாவளி உண்டு, 220க்குக் கிடையாது. இரண்டும் ஒரே விடையைக் கொடுத்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

அத்தைக்கு பலூன் போடலாம் என்றார்கள். ஜப்பானியர் இனோவே 1980களில் கொண்டுவந்த முறை. தொடைச் சிரை வழியே சுருட்டிய பலூனைக் கொண்டுபோய் வால்வுக்குள் விரித்தால், தழும்பால் ஒட்டிப்போன மூலைகள் பிரிந்துகொடுக்கும். பலூன் எவ்வளவு பெரிசு? இதயத்தை அளந்து ஏதோ பெரிய சூத்திரம் போடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். சுவரோரம் நிறுத்தி அத்தையின் உயரத்தைத்தான் அளந்தார்கள். சென்டிமீட்டரில் உயரத்தைப் பத்தால் வகுத்து, பத்தைக் கூட்டு, அதுதான் மில்லிமீட்டரில் பலூன் விட்டம். 150 சென்டிமீட்டர் அத்தைக்கு 25. தையற்கடைக் கணக்கு மாதிரி இருந்தாலும் அடியில் நியாயம் இருக்கிறது. வால்வு உடம்போடு சேர்ந்து வளர்ந்த பொருள். ஆளைக் கேட்டால் வாசலின் அளவு தெரியும்.

வால்வையே மாற்றுகிறவர்களுக்கும் இதே பிரச்சினை. பெருந்தமனிக்குச் செயற்கை வால்வுகள் 19, 21, 23, 25 என்று ஒற்றைப்படை மில்லிமீட்டர்களில் வருகின்றன. 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்ட, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம் உருவாக்கிய சாய்தட்டு வால்வும் இப்படி அளவு வாரியாகத்தான். 21க்குப் பதில் 19 போட்டால் இரண்டு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். பரப்பு விட்டத்தின் வர்க்கத்தில் போவதால் 18 சதவீதம் போய்விடுகிறது. அந்தப் பரப்பையும் ஆளின் உடற்பரப்பால் வகுத்துத்தான் போதுமா போதாதா என்று சொல்வார்கள். சதுர மீட்டருக்கு 0.85 சதுர சென்டிமீட்டருக்குக் கீழே போனால், வால்வு புத்தம் புதிதாக இருந்தாலும் அந்த ஆளுக்கு அது சின்னது.

மூன்று மாதம் கழித்து மறுபடி எக்கோ. 1.1 இப்போது 2.0. அத்தைக்கு அது பிடிக்கவில்லை.

"அஞ்சு இருக்கணும்னு நீதானே சொன்ன மருமகனே? ரெண்டுக்கா இவ்வளவு செலவு?"

பஸ்ஸில் ரிப்போர்ட்டின் பின்பக்கத்திலேயே போட்டுக் காட்டினேன். அதே 125 மில்லியை 38ஆலும் 2ஆலும் வகுத்து வர்க்கம் செய்தால் மூன்றுக்கும் கீழே. 9 இருந்த இடத்தில் 3. ஏறும்போது 36 இருந்த இடத்தில் 11.

"பதினொண்ணுன்னா?"

"மன்னவனூர் ரோட்டு மேட்டுல நிக்காம ஏறலாம்."

பூம்பாறையில் இறங்கியதும் பையை என் கையில் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தார். கோயில் பக்கத்து ஏற்றத்தில் ஒரு தடவை நின்றார். மூச்சுக்கு இல்லை, யார் வயலிலோ பூண்டைக் காயவிடாமல் பிடுங்கிப் போட்டிருக்கிறார்கள் என்று திட்டுவதற்கு.